பர்ரன் நிலத்தின் பெயர்களும் கதைகளும்: அயர்லாந்தின் கிராமப்புறம் ஒன்றைப் படித்தறிய முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம், கிளேர் கவுண்டியின் வடபகுதியில், பர்ரன் என்றொரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அப்பெயருக்குக் கற்பாங்கான இடம் என்றே பொருள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறப் பாறைத்தளமும், அதன் வெடிப்புகளில் முளைத்த புல்லும் சிறு பூக்களும் தவிர வேறெதையும் காணாத ஒருவர், இங்கே மனிதர் வாழ்ந்திருப்பார்களா என்றுதான் முதலில் எண்ணுவார். 1651இல் படையோடு வந்த ஆங்கிலத் தளபதி எட்மண்ட் லட்லோ, ஒருவனை மூழ்கடிக்க நீரும் தூக்கிலிட மரமும் புதைக்க மண்ணும் இல்லாத நாடு என்று இதைக் குறித்துவைத்தார். ஆனால் அதே குறிப்பில், பாறைகளுக்கு நடுவே விளையும் புல்லை மேய்ந்த கால்நடைகள் நன்கு கொழுத்திருந்தன என்றும் அவர் எழுதினார். அந்தப் பிற்பாதியை நினைவில் வையுங்கள். வெறுமையாகத் தோன்றும் இந்த நிலத்தில் சில நூறு அடிகளுக்கு ஒரு பெயரும், பல பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கின்றன.

அயர்லாந்தில் குடியேறி வாழ்பவர்களும், அங்கே சென்று ஒரு பகுதியை நிதானமாக அறிய விரும்புபவர்களும், இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாக ஆராய முனைபவர்களும் பயன்படுத்தத்தக்க முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பர்ரனிலிருந்தும் அதன் எல்லையோரங்களிலிருந்தும் வருகின்றன. முறையோ அந்நாட்டின் எந்தக் கிராமப்புறத்துக்கும் பொருந்தும். முறையின் அடிப்படை ஒன்றுதான். பெயரின் சொற்பொருளையும், பெயரைப் பற்றி ஊரார் சொல்லும் கதையையும் இரு தனிச் சாட்சிகளாக விசாரிக்க வேண்டும். ஒன்றின் வாயில் மற்றொன்றின் சொல்லைத் திணிக்கக் கூடாது.

முதற்படி: எந்த நிலத்துண்டைப் படிக்கிறீர்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

அயர்லாந்தின் பழைய நிலப்பிரிவுகள் அடுக்கடுக்கானவை. நான்கு மாகாணங்கள், முப்பத்திரண்டு கவுண்டிகள், அவற்றுக்குள் பாரனி எனப்படும் பிரிவுகள், அதற்குள் குடிமைப் பங்குகள் (சிவில் பாரிஷ்), எல்லாவற்றுக்கும் அடியில் டவுன்லேண்ட். பெயரில் ‘டவுன்’ இருந்தாலும் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. டவுன்லேண்ட் என்பது சில வீடுகளும் வயல்களும் அடங்கிய ஒரு நிலத்துண்டு. வீடே இல்லாத டவுன்லேண்டுகளும் உண்டு. சில ஓர் ஏக்கர் அளவுக்கே சிறியவை, சில மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்தவை. நாடு முழுவதும் 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. கிராமப்புறத்தார் ஒருவரிடம் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் டவுன்லேண்டின் பெயரைத்தான் சொல்வார். தேவாலயப் பதிவேடும், நிலப்பத்திரமும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன.

எனவே ‘பர்ரன் முழுவதும்’ என்று தொடங்காமல் ஒரு குடிமைப் பங்கைத் தேர்ந்துகொண்டு, அதிலுள்ள டவுன்லேண்டுகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பர்ரனின் நடுவிலுள்ள காரன் என்னும் பங்கு தொடக்கத்துக்கு மிக ஏற்றது என்பது என் கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய பங்கு எல்லைகளும் பழைய குடிமைப் பங்கு எல்லைகளும் பல இடங்களில் ஒன்றல்ல என்பதை மறவாதீர்கள். இதைக் கவனிக்காமல் தவறான பதிவேட்டைப் புரட்டி நாட்களை வீணாக்கியவர்கள் பலர்.

இரண்டாம் படி: பெயரின் பழைய வடிவங்களைத் திரட்டுங்கள்

இன்று சாலைப் பலகையில் காணும் ஆங்கில வடிவம், ஐரிஷ் ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்த ஒரு முயற்சி மட்டுமே. பெரும்பாலான டவுன்லேண்டுகளுக்கு அந்த வடிவத்தை நிலைப்படுத்தியது 1824இல் தொடங்கப்பட்ட அயர்லாந்து ஆர்டனன்ஸ் சர்வே ஆகும். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாட்டை முழுவதுமாக வரைந்த அந்த அளவைப் பணி, வரிவிதிப்புக்கான எல்லைகளைத் தீர்மானிக்கவே முதலில் திட்டமிடப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் எப்படி எழுதுவது என்ற கேள்வி எழுந்தபோது, 1830 முதல் ஜான் ஓடோனோவன் என்னும் அறிஞர் பணியில் சேர்ந்து, கவுண்டி கவுண்டியாக நடந்து, முதியவர்களின் வாயிலிருந்து பெயர்களைக் கேட்டு எழுதினார். கிளேருக்கு அவர் 1839இல் வந்தார். அக்கவுண்டியிலேயே பிறந்த யூஜின் ஓகரியும் அப்பணியில் இணைந்தார். அவர்கள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களும், ஒவ்வொரு பெயருக்கும் பல வடிவங்களைப் பதிந்த பெயர்ப்புத்தகங்களும் இன்று நமக்கு ஒரு கருவூலம். 1845இல் தொடங்கிய பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்பு, ஐரிஷ் மொழி கிளேரில் இன்னும் பரவலாகப் பேசப்பட்ட நாட்களில் எழுதப்பட்டவை அவை.

இந்த அளவைப் பணிக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் வடக்கில் அடிக்கோடு அளக்க தாமஸ் கோல்பி உருவாக்கிய, வெப்பத்தால் நீளம் மாறாத உலோகச் சட்டங்களை, 1829இல் அயர்லாந்து சென்று பார்த்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவுக்கு வருவித்தார். சென்னைப் பரங்கிமலையருகே 1802இல் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, பின்னாளில் அந்த ஐரிஷ் அளவையில் பயன்பட்ட வகைச் சட்டங்களைக் கொண்டு தொடர்ந்தது.

இன்று நீங்கள் முதலில் திறக்க வேண்டியது லோகனிம் என்னும் அயர்லாந்து இடப்பெயர்த் தரவுத்தளம். டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் அரசின் இடப்பெயர்ப் பிரிவும் சேர்ந்து நடத்தும் இதில், ஒரு பெயரைத் தேடினால் அதிகாரபூர்வ ஐரிஷ் வடிவம், நில அடுக்கில் அதன் இடம், பல பெயர்களுக்குப் பழைய ஆவணக் குறிப்பட்டைகளின் படங்கள், சிலவற்றுக்கு உச்சரிப்பு ஒலிப்பதிவு ஆகியவை கிடைக்கும். அடுத்து, 1656 முதல் 1658 வரை வில்லியம் பெட்டியின் மேற்பார்வையில் நடந்த டவுன் (Down) சர்வே என்னும் நில அளவையின் வரைபடங்களை டப்ளின் டிரினிட்டி கல்லூரி இணையத்தில் வைத்திருக்கிறது. அதை எழுதிய அளவையர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் அறியாதவர்கள். காதில் விழுந்தபடியே எழுதியதால், அவர்களுடைய எழுத்துப்பிழைகளே நமக்குச் சில சமயம் அன்றைய உச்சரிப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. கிளேர் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் ஆய்வுப் பிரிவு, ஓடோனோவன், ஓகரி ஆகியோரின் கடிதங்களை முழுமையாக இணையத்தில் ஏற்றியிருப்பது இப்பகுதியை ஆராய்வோருக்குப் பெரும் பேறு.

ஒரு பெயருக்குக் குறைந்தது மூன்று வடிவங்களையாவது, ஆண்டோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: பெயரைப் பகுதிகளாகப் பிரியுங்கள்

ஐரிஷ் இடப்பெயர்களில் பொதுச்சொல் முன்னும் சிறப்புச்சொல் பின்னும் வருவது வழக்கம். தமிழில் ‘கருங்குளம்’ என்பதை அவர்கள் ‘குளம் கரியது’ என்ற வரிசையில் சொல்வார்கள். முன்னே நிற்கும் பொதுச்சொற்களில் ஓர் இருபதைக் கற்றுக்கொண்டால் பாதிப் பெயர்கள் திறந்துவிடும். பல்யா என்பது குடியிருப்பு; ஆங்கிலத்தில் அது பாலி ஆகிறது. க்னோக் என்பது குன்று, ஷ்லீவ் என்பது மலை, டோபர் என்பது ஊற்று அல்லது கிணறு, லோக் என்பது ஏரி, ஆ என்பது ஆற்றைக் கடக்கும் துறை, க்ளூன் என்பது புல்வெளி. கோட்டைக்கு மட்டும் பல சொற்கள்: மண்கரை சூழ்ந்த வட்டக் குடியிருப்பு லிஸ் அல்லது ரா, கல்லால் கட்டியது கஹர் அல்லது கஷல், வலிமையானது டூன். பர்ரனில் கல் மிகுதி என்பதால் கஹர் என்று தொடங்கும் பெயர்கள் திரும்பிய பக்கமெல்லாம் உண்டு. கஹர் மக்னாக்டன் என்னும் கல்வளையத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஓடாவரன் குடும்பத்தார் பழைய ஐரிஷ் சட்டக் கல்வி தந்த பள்ளி இயங்கியது.

லிஸ்டூன்வார்னா என்னும் சிற்றூரின் பெயரைப் பாருங்கள். லிஸ், டூன், பேர்னா என்ற மூன்று சொற்கள் அதில் இருக்கின்றன. முதலிரண்டும் கோட்டையைக் குறிப்பவை, மூன்றாவது கணவாய் அல்லது இடைவெளி. கணவாயருகே ஒரு டூன் இருந்தது. பின்னர் அந்த டூனின் பெயரால் ஒரு லிஸ் அழைக்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு தலைமுறைக் கட்டடங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இனிப் பொறிகள். முதல் பொறி ‘கில்’. தேவாலயத்தைக் குறிக்கும் கில் என்ற சொல்லும், காட்டைக் குறிக்கும் குயில் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். கவன் கவுண்டியின் கில்மோர் பெருந்தேவாலயம் என்றால், கான்னமாராவின் கைல்மோர் பெருங்காடு. இரண்டாவது பொறி, ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றும் முடிவுகள். கோரோஃபின் ஊருக்கு அருகிலுள்ள கில்னபாய் என்னும் பெயரில் சிறுவன் எவனும் இல்லை. அதன் ஐரிஷ் வடிவம் கில் இனீன் ப்வீ. ப்வீ என்பவரின் மகளுடைய தேவாலயம் என்று பொருள். அந்த மகள்தான் அவ்வூரின் பெண் புனிதர். அதே ‘பாய்’ மீத் கவுண்டியின் ஆத்பாய் என்னும் ஊரில் மஞ்சளைக் குறிக்கிறது. மஞ்சள் நிறத் துறை. மூன்றாவது பொறி, பெயர் குறுகிவிடுதல். பர்ரனின் கிழக்கு எல்லைக்கு அப்பாலுள்ள கோர்ட் என்ற நகரின் பெயருக்கு வயல் என்று மட்டும் பொருள் சொன்னால் கதை முழுவதும் போய்விடும். முழுப்பெயர் கோர்ட் இன்ஷ குவேரே: குவேரே மன்னனின் தீவிலுள்ள வயல். அந்த மன்னன் சற்று நேரத்தில் மீண்டும் வருவான்.

நான்காவது பொறியை விரிவாகச் சொல்ல வேண்டும். பர்ரனுக்கு வரும் பயணிகள் ஏறக்குறைய அனைவரும் விழும் பொறி அது. போல்நாப்ரோன் என்னும் இடத்தில் ஒரு கல்திட்டை நிற்கிறது. 1986இலும் 1988இலும் நடந்த அகழாய்வில், 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே வைக்கப்பட்ட 30க்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. போல் என்றால் குழி. ப்ரோன் என்றால் ஐரிஷ் மொழியில் துயரம். ஆகவே ‘துயரங்களின் குழி’ என்ற மொழிபெயர்ப்பு எங்கும் பரவியிருக்கிறது, கல்லறைக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் இலக்கணம் அதை மறுக்கிறது. துயரம் என்னும் சொல் ஐரிஷில் ஆண்பால். ‘துயரத்தின்’ என்று ஆறாம் வேற்றுமையில் வந்தால் முன்னே ஆன் என்ற சுட்டு நின்று, பகரம் வகரமாக மெலிந்து, போல் ஆன் வ்ரோன் என்பது போல ஒலித்திருக்கும். ‘துயரங்களின்’ என்று பன்மையில் வந்தால், நா என்ற சுட்டுக்குப் பின் பகரத்தை மகரம் மூடிக்கொண்டு, போல் நா ம்ரோன் என்றாகியிருக்கும். நம் பெயரிலோ நா இருக்கிறது, பகரமும் மாறாமல் இருக்கிறது. பெண்பால் ஒருமைச் சொல்லுக்கு மட்டுமே அப்படி வரும். அந்தச் சொல் ப்ரோ, அதாவது தானியம் அரைக்கும் திரிகைக்கல். அதன் ஆறாம் வேற்றுமை வடிவம்தான் ப்ரோன். எனவே இது திரிகையின் குழி. சோகம் குறைந்த பெயர்தான். ஆனால் இந்தப் பாறைவெளியில் தானியம் அரைத்து உண்டவர்கள் இருந்தார்கள் என்ற செய்தியை நம் கையில் தருகிறது.

மொழியறியாத நமக்கு இத்தகைய நுணுக்கம் எட்டுமா என்று தயங்க வேண்டாம். சொல் புணரும்போது எழுத்துத் திரிவதையும், வேற்றுமைக்கேற்பச் சொல் உருமாறுவதையும் தமிழில் படித்தவர்களுக்கு இந்த மாற்றங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. போல்நாகோலம் என்னும் குகையின் பெயரில் இதே விதி மறுபக்கம் வேலை செய்வதைக் காணலாம். கோலம் என்பது மாடப்புறா; ‘புறாக்களின்’ என்ற பன்மையில் முதலெழுத்தான வல்லொலிக் ககரம், ‘தங்கம்’ என்ற சொல்லின் நடுவிலே கேட்பது போன்ற அதிர்வொலியால் மூடப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் அந்த அதிர்வொலியையே பிடித்துவைத்தார். அதனால் அது ஒரு புறாவின் குழியன்று, புறாக்களின் குழி என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எல்லாப் பெயர்களும் மொழிபெயர்ப்பு இணைகள் என்று எண்ணிவிடவும் கூடாது. மேற்குக் கிளேரின் மில்டவுன் மால்பே என்னும் ஊரின் ஐரிஷ்ப் பெயர் ஸ்ராட் நா கஹ்ரக். கற்கோட்டையின் தெரு என்று பொருள். ஒரே ஊருக்கு இரண்டு தனித்தனிப் பெயர்கள், இரண்டு தனித்தனி வரலாறுகள்.

நான்காம் படி: நிலத்தில் நின்று பெயரைச் சரிபாருங்கள்

பெயர் வைத்தவர்கள் மாடு மேய்த்தவர்களும் நீர் தேடியவர்களும் ஆவர். கண்ணில் பட்டதைத்தான் பெயராக்கினார்கள். ஐல்வீ குகைக்குப் பெயர் தந்தது மஞ்சள் நிறச் செங்குத்துப் பாறை. க்ளெனினா என்பது ஐவி கொடி படர்ந்த பள்ளத்தாக்கு. டர்லாக் என்ற சொல்லைச் சிறப்பாகக் கவனியுங்கள். மழைக்காலத்தில் சுண்ணாம்புக்கல்லின் அடியிலுள்ள துளைகள் வழியே நீர் மேலெழும்பி ஏரியாகி, கோடையில் அதே துளைகளில் வடிந்து புல்வெளியாகிவிடும் நீர்நிலைக்கு அந்தப் பெயர். வறண்ட என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த அது, இன்று உலகெங்கும் நிலவியலார் பயன்படுத்தும் கலைச்சொல்லாகிவிட்டது. காரன் பங்கில் பெரிய டர்லாக் ஒன்று உள்ளது. கோடையில் மட்டும் அதைப் பார்த்தவருக்கு வரைபடத்திலுள்ள பெயர் பொய்யாகத் தோன்றும். ஆகவே இயன்றால் இரு பருவங்களில் செல்லுங்கள்.

பருவம் பற்றிய இன்னொரு செய்தி. அயர்லாந்தின் பிற பகுதிகளில் கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டிச்செல்வது பழைய வழக்கம். பர்ரனில் இது தலைகீழ்: சுண்ணாம்புப் பாறை வெப்பத்தைத் தேக்கிவைப்பதாலும், கோடையில் மேட்டில் நீர் அரிதாகிவிடுவதாலும், குளிர்காலத்தில்தான் மாடுகள் மேலே ஏறுகின்றன. லட்லோ கண்ட கொழுத்த கால்நடைகளுக்குக் காரணம் இங்கே இருக்கிறது. மேய்ச்சலைக் குறிக்கும் ஒரு பெயரைக் கண்டால் எந்தப் பருவத்து மேய்ச்சல் என்று கேட்காமல் விளக்கம் எழுதாதீர்கள்.

களத்துக்குச் செல்லுமுன் தேசிய நினைவுச்சின்னப் பிரிவின் இணைய வரைபடத்தில் அப்பகுதியின் பதிவுபெற்ற தொல்லிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் லிஸ் இருந்து நிலத்தில் வளையம் இல்லையென்றால், 1840களின் ஆறு அங்குல வரைபடத்தில் அது இருந்ததா என்று பாருங்கள். உழவில் அழிந்துபோன வளையங்கள் ஏராளம். அயர்லாந்தில் தனியார் நிலத்தில் நடக்கப் பொதுவுரிமை கிடையாது. நில உடைமையாளரின் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும், திறந்த வாயிலைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் விட்டுவர வேண்டும். உரிமமின்றி உலோகத் துப்பறி கருவி கொண்டு தொல்பொருள் தேடுவது சட்டப்படி குற்றம்.

ஐந்தாம் படி: கதைகளைத் தேடுங்கள்

1937 முதல் 1939 வரை, அன்றைய ஐரிஷ் சுதந்திர நாட்டின் 26 கவுண்டிகளிலும் சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் உயர்வகுப்புப் பிள்ளைகள் தம் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் சென்று, ஊர்க்கதைகளையும் மருந்துகளையும் விளையாட்டுகளையும் வயல்களின் பெயர்களையும் கேட்டு எழுதினார்கள். 1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் இதை நடத்தியது. பிள்ளைகளின் குறிப்பேடுகளும் தொகுத்துக் கட்டிய நூல்களும் சேர்ந்து ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படும் இத்தொகுப்பை டூகஸ் என்னும் இணையதளத்தில் பங்கு வாரியாகவும் பள்ளி வாரியாகவும் படிக்கலாம். உலகில் வேறெங்கும் ஒரு நாட்டின் சிறுவர் தலைமுறை தன் முன்னோர் நினைவை இவ்வளவு முழுமையாக எழுதிவைத்ததில்லை என்றே நான் நம்புகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய பிள்ளையின் பெயரும், பெரும்பாலும் சொன்னவரின் பெயரும் ஊரும் உண்டு. சொன்னவர் அந்த டவுன்லேண்டில் பிறந்தவரா, திருமணமாகி வந்தவரா என்பதைக் கவனியுங்கள். வெளியூர்க் கதை இடம்பெயர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

கிளேருக்குக் கூடுதலாக ஒரு துணை உண்டு. தாமஸ் வெஸ்ட்ராப் என்னும் தொல்லியல் அறிஞர் அக்கவுண்டியின் கோட்டைகளையெல்லாம் நடந்து அளந்தபோது கேட்ட கதைகளை 1910 முதல் தொடராக வெளியிட்டார். அவற்றையும் பள்ளித் தொகுப்பையும் அருகருகே வைத்தால் ஒரு கதை ஒரு தலைமுறையில் எப்படி வளர்ந்தது என்று தெரியும்.

இப்போது குவேரே மன்னனிடம் வருவோம். 7ஆம் நூற்றாண்டில் மேற்கிலுள்ள கான்னாக்ட் மாகாணத்தை ஆண்டவன் அவன், கொடையில் பெயர்பெற்றவன். பர்ரனின் கிழக்கில் கழுகுப் பாறை என்னும் செங்குத்துச் சரிவின் அடியில், அடர்ந்த ஹேசல் மரங்களுக்குள், புனித கோல்மன் மக் டுவாக் ஒரே ஒரு பணியாளோடு ஏழு ஆண்டுகள் தனித்துறவியாக வாழ்ந்ததாகக் கதை. தவக்கால நோன்பு முடிந்த உயிர்த்த ஞாயிறன்று, பணியாள் பசி பொறுக்காமல் நல்ல உணவுக்கு ஏங்கினான். அதே நேரத்தில் கின்வாரா அருகே குவேரேயின் அரண்மனையில் விருந்து பரிமாறப்பட, தட்டுகள் தாமாகவே எழுந்து சாளரம் வழியே பறந்து சென்றன. மன்னனும் வீரர்களும் குதிரையேறித் துரத்தினார்கள். தட்டுகள் துறவியின் முன் இறங்கியதும், குதிரைகளின் குளம்புகள் பாறையில் ஒட்டிக்கொண்டன. கோல்மன் வேண்டிய பிறகே விடுபட்டன. வியந்த மன்னன் அவருக்கு நிலம் தந்து மடம் அமைக்க உதவினான். அந்த மடம்தான் கில்மக்டுவா, டுவாக்கின் மகனுடைய தேவாலயம். அங்கே சற்றே சாய்ந்து நிற்கும் வட்டக் கோபுரம் அயர்லாந்திலேயே மிக உயரமானது. பணியாளோ நெடுநாள் நோன்புக்குப் பின் பேராவலோடு உண்டு இறந்துபோனான் என்றும் சொல்வார்கள். அவன் கல்லறை என்று ஒன்றையும் காட்டுவார்கள்.

தட்டுகள் பறந்த வழிக்குப் போஹர் நா மீஸ், அதாவது தட்டுகளின் சாலை என்று பெயர். அங்குள்ள பாறைத்தளத்தில் குளம்படி போன்ற பள்ளங்கள் உண்மையாகவே இருக்கின்றன. மழைநீர் தேங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்ததால் அவை உருவாகின்றன என்பது நிலவியல் விளக்கம். இந்த விளக்கத்தைச் சொன்னதும் கதை முடிந்துவிட்டது என்று எண்ணுவது மிகப்பெரிய பிழை. பர்ரனில் எங்கும் காணும் ஒரு பள்ளத்தை, கோர்ட் என்ற ஊரின் பெயரையும் கின்வாராவின் கோட்டையையும் கில்மக்டுவா மடத்தையும் துறவியின் கேணியையும் ஒரே வழியில் கோக்கும் நூலாக இக்கதை மாற்றியிருக்கிறது. மன்னனின் நிலம் எங்கே முடிந்து திருச்சபையின் நிலம் எங்கே தொடங்கியது என்ற பழைய உரிமைப் பேச்சும் அதற்குள் இருக்கிறது. இடத்தின் பெயருக்குக் கதை சொல்லும் இந்த மரபு டின்ஷெனகஸ் என்ற பெயரில் ஒரு தனிக் கல்விப் பிரிவாகவே இடைக்காலப் புலவர்களால் பயிலப்பட்டது. 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் நூல் என்னும் சுவடியில் அதன் பாடல்கள் உள்ளன.

பசுவின் கதை வேறு வகை. காரனுக்குத் தெற்கே ஷ்லீவ் நா கிளாஷ என்னும் குன்றுக்குப் பெயர் தந்தது கிளாஸ் என்ற அற்புதப் பசு. லோன் என்ற கொல்லனுக்குச் சொந்தமானது. எந்தப் பாத்திரம் வைத்தாலும் அது பாலால் நிரப்பிவிடும். ஒரு பெண் சல்லடையைக் கொண்டுவந்து கறந்தாள். நிரம்பாத பாத்திரம் கண்டு பசு மனமுடைந்தது, வழிந்தோடிய பால் டீஸ்காக்கின் ஏழு ஓடைகளாயிற்று. இதே பசுவின் கதை டொனகால் கவுண்டியிலும் பிற இடங்களிலும் வேறு வடிவங்களில் சொல்லப்படுகிறது. எனவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இது எங்கிருந்து வந்தது என்பதைவிட, இங்கே எதைப் பற்றிக்கொண்டது என்பதே. நீரற்ற பாறைநாட்டில் ஓடைகள் ஒன்றாகத் தோன்றும் அரிய இடத்தை அது பற்றிக்கொண்டது.

ஆறாம் படி: கதையின் காலத்தையும் பெயரின் காலத்தையும் ஒப்பிடுங்கள்

பர்ரனின் தெற்கு எல்லையில் லெமனே என்னும் பாழடைந்த மாளிகை நிற்கிறது. ஐரிஷ் வடிவம் லேம் ஆன் எக்: குதிரையின் பாய்ச்சல். 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த செந்நிறக் கூந்தல்காரி மாரே ரூஆ என்னும் தலைவியைப் பற்றி ஊரார் சொல்வதாவது: தன்னை மணக்க வருவோரை அடங்காத குதிரை ஒன்றில் ஏறிப் பாறைமுனை வரை சென்றுவரச் சொல்வாள், ஒருவரும் திரும்பியதில்லை. ஒருவன் மட்டும் தப்பித் திரும்பியபோது வாயிலை அடைக்கச் சொன்னாள். குதிரை அதைத் தாண்டிப் பாய்ந்து விழுந்து மாண்டது. அதனால் இப்பெயர் என்பார்கள்.

ஆவணமோ வேறு வரிசையைக் காட்டுகிறது. அங்குள்ள கோபுரம் 15ஆம் நூற்றாண்டினது; அந்தப் பெயரும் மாரே ரூஆ பிறப்பதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டில் வழங்கியது. பெயர்தான் கதையை ஈன்றது. அப்படியானால் ஏன் இவளைச் சுற்றி? அவளுடைய கணவர் கோனர் ஓபிரையன் 1651இல் கிராம்வெல்லின் ஆங்கிலப் படைகளோடு போரிட்டு இறந்தார். மகனுக்கு நிலம் பறிபோகாமல் காக்க, அவள் எதிர்ப்படையைச் சேர்ந்த ஜான் கூப்பர் என்பவரையே மணந்தாள், நிலமும் தப்பியது. தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு பெண்ணை, தம் நிலத்தை இழந்த சுற்றத்தார் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதைத்தான் அந்தக் குதிரைக் கதை காட்டுகிறது. உங்கள் குறிப்பில் இதை ‘தவறான சொற்பிறப்பு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், பெயருக்கு ஒரு பத்தியும் கதைக்கு ஒரு பத்தியும் தனித்தனியே எழுதுங்கள்.

ஏழாம் படி: வாழ்பவர்களிடம் கேளுங்கள்

வரைபடத்தில் இல்லாத பெயர்கள்தான் இன்று ஆபத்தில் உள்ளவை. ஒவ்வொரு வயலுக்கும், பாறைக்கும், வேலியின் இடைவெளிக்கும் குடும்பத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர் இருக்கும். 1841இல் சுமார் 2,86,000 பேர் வாழ்ந்த கிளேரில், பஞ்சத்துக்குப் பின் 1851இல் சுமார் 2,12,000 பேர் மட்டுமே இருந்தனர். இறந்தவர்களோடும் கப்பலேறியவர்களோடும் போன வயற்பெயர்களை எந்தத் தரவுத்தளத்திலும் தேடி எடுக்க முடியாது. மிஞ்சியவற்றை மீத் கவுண்டியில் தன்னார்வலர்கள் வயல் வயலாகத் திரட்டிய முறையை இங்கும் பின்பற்றலாம்.

கேட்கும்போது சில இடங்களில் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கும். கில்லீன் என்ற பெயருக்குச் சிறு தேவாலயம் என்று அகராதி சொல்லும். பல ஊர்களில் அது திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளை, முறையான கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டதால், பெற்றோர் புதைத்த இடம். 20ஆம் நூற்றாண்டு வரை இவ்வழக்கம் இருந்தது. அந்தக் குழந்தைகளின் உடன்பிறந்தோர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களே பேச்சை எடுத்தால் ஒழிய நீங்கள் தொடங்காதீர்கள். அந்த இடத்தைப் படமெடுத்து வெளியிடாதீர்கள்.

லிஸ் என்னும் வட்டக்கோட்டைகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் ஷீ என்னும் மாய மக்களைப் பற்றிக் கேட்கும்போது, நம்புகிறீர்களா என்ற கேள்வி பயன்தராது. அந்த மேட்டை ஏன் உழவில்லை, அந்த வெண்முள் மரத்தை ஏன் வெட்டவில்லை என்று கேளுங்கள், விடை வரும். தெற்குக் கிளேரின் லட்டூனில் புதிய நெடுஞ்சாலையின் வழியில் தனித்து நின்ற ஒரு வெண்முள் மரம், மன்ஸ்டர் மாகாணத்து ஷீ வீரர்கள் கான்னாக்ட் ஷீக்களோடு போரிடச் செல்லும் வழியில் கூடும் இடம் என்று கதைசொல்லி எட்டி லெனிஹன் 1999இல் பொதுவெளியில் வாதாடினார். சாலை அமைத்தபோது மரம் விட்டுவைக்கப்பட்டது. ஒரு மரத்தின் மீதான வாய்மொழி, பொறியியல் வரைபடத்தோடு பேச்சுவார்த்தை நடத்திய அரிய நிகழ்வு அது.

பதிவு செய்யும் தாளில் இவற்றை விடாமல் எழுதுங்கள்: பெயரைச் சொன்னவர் சொன்னபடியே ஒலி, அவர் தரும் பொருள், டவுன்லேண்டும் பங்கும், வரைபடத்தில் சரியான புள்ளி, அவர் அதை யாரிடம் கேட்டார், நாள். ஒலிப்பதிவுக்கு முன்பே அனுமதி கேளுங்கள். உங்கள் விளக்கத்தை வேறொரு நிற மையில் எழுதினால், பத்தாண்டுகளுக்குப் பிறகு எது அவர் சொன்னது, எது நீங்கள் நினைத்தது என்று குழப்பம் வராது. பணி முடிந்ததும் ஒரு படியைச் சொன்னவரின் குடும்பத்துக்கும், ஒரு படியைக் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் ஆய்வுப் பிரிவுக்கும் கொடுங்கள். டூகஸ் தளத்தில் கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர் குழுவுக்கு மெஹல் என்று பெயர். அறுவடைக்கு அண்டை வீட்டார் கூடிச் செய்யும் கூட்டு உழைப்பின் பழைய சொல் அது. நீங்கள் தேர்ந்த பங்கின் பக்கங்கள் இன்னும் தட்டச்சாகாமல் இருந்தால், முதலில் அவற்றில் பத்தை எடுத்துத் தட்டச்சு செய்யுங்கள்; பெயர்களும் கையெழுத்தும் அந்தப் பத்துப் பக்கங்களுக்குள் உங்களுக்குப் பழகிவிடும்.